நாலு விரல் அகலம்

அந்த ரயில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தாயிற்று. ஆனாலும் மூன்று நாளாகத் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் தாவிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஸ்டேஷன் சோவியத் பக்கம், சீன எல்லையில் இருக்கிறது. எங்கள் தண்டவாளத்தைவிட அவர்களுடையது நாலு விரல் ஒடுக்கம். அந்த நாலு விரலுக்காகத்தான் நாங்கள் நூறு பேர் அங்கே சம்பளம் வாங்கினோம். பெட்டியை ஜாக்கியில் ஏற்றி, உள்ளே இருக்கிறவர்களோடு சேர்த்தே ஆளுயரத்துக்குத் தூக்குவோம். அடியிலிருக்கும் அகலச் சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே தள்ளிவிட்டு, ஒடுக்கத் தொகுதியை வடம் கட்டி உள்ளே இழுத்து விடுவோம். பிறகு பெட்டியை இறக்குவோம். பெட்டியின் வயிற்றில் முன்னும் பின்னுமாகத் தொங்கும் இரண்டு தடி ஆணிகளும் அந்தந்தச் சக்கரத் தொகுதியின் நடுக் குழியில் போய் உட்கார வேண்டும். உட்காரும்போது ஒரு சத்தம் வரும், பசு பெருமூச்சு விடுகிற மாதிரி. அது கேட்டால் வேலை சரி.

ரஷ்ய மன்னர் ஜார் எதற்காகத் தண்டவாளத்தை அகலமாகப் போட்டார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதிரியின் ரயில் உள்ளே வராமலிருக்க என்பார்கள் சிலர். பெண்கள் முன்னால் சொல்ல முடியாத கதை ஒன்றும் உண்டு, அதை நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதுதான்: அதே ஜார் ஆட்சி எல்லையைத் தாண்டிச் சீனாவின் மஞ்சூரியாவுக்குள்ளும் எங்கள் அகலத்திலேயே பாதை போட்டது. அந்தப் பாதையில் என் அப்பா லைன்மேன். நான் பிறந்தது வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற மஞ்சூரியா ஸ்டேஷனில். எனக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் அரசாங்கம் அந்தப் பாதையை ஜப்பான்காரனுக்கு விற்றுவிட்டது. அவன் தண்டவாளத்தைப் பிடுங்கி உள்ளே தள்ளிப் போட்டான். அப்பா என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, கட்டை விரலை மடக்கி, "இவ்வளவுதான் பாப்பா தள்ளினான், நம்ம வீடு போச்சு" என்றார். சோவியத் பக்கம் வந்தோம். இரண்டு வருஷத்தில் அப்பாவை ஜப்பான் உளவாளி என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சரி.

வளர்ந்த பிறகு இந்த ஸ்டேஷனுக்கு நானே கேட்டு வந்தேன். முதல் பத்து வருஷம் எங்களுக்கும் சீனர்களுக்கும் அப்படி ஒரு சிநேகம். சிறப்பு ரயில்கள் வாரத்துக்கு இரண்டு போகும். எங்கள் ஸ்டேஷன் பேருக்கே 'எதிரடி' என்றுதான் அர்த்தம். நண்பன் மனம் புண்படும் என்று பேரை மாற்றினார்கள். பிறகு மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அடித்துக்கொண்டன. பழைய பேரைத் திரும்ப வைக்க யாருக்கும் தோன்றவில்லை, ஆனால் ஒரு பட்டியல் போடத் தோன்றியது. அந்தப் பக்கம் பிறந்தவர்கள் ஏழு பேர். சிறப்பு ரயில் எதுவும் வரும்போது இந்த ஏழு பேரும் அதன் பக்கத்தில் போகக்கூடாது. நான் மூன்றாவது பேர். இருபத்தாறு வருஷம் அப்படியே போயிற்று. ஏழில் ஐந்து பேர் செத்தும் போனார்கள். மீதி நானும் ஒசிப் அண்ணனும்.

ஒசிப் அண்ணன் சொல்வார், "உங்கப்பன் ஜப்பானுக்கு உளவு, நீ சீனாவுக்கு உளவு. ஒரே வீட்ல ரெண்டு நாட்டுச் சம்பளம். ஆனா கால்ல போட்டிருக்கிற கிழிஞ்ச பூட்ஸப் பாரு."

எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை, அந்தப் பக்கம் போகும் பெரிய ரயில் ஒன்றை என் கையால் குழியில் உட்கார வைத்துவிட வேண்டும். இதுதான் என் ஆசை. வேறு எதையும் நான் அரசாங்கத்திடம் கேட்கவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம். முப்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் நாட்டுத் தலைவர் பெய்ஜிங் போகப்போகிறார், விமானத்தில். அதற்கு முன்னால் எல்லைக் கோட்டைப் பற்றிப் பேச ஒரு குழு ரயிலில் போகிறது என்றார்கள். ஜார் காலத்து வரைபடங்கள் ஒரு பெட்டி நிறைய. ஆற்றில் எந்தத் தீவு யாருக்கு, எந்த மேடு யாருக்கு என்று முதலிலிருந்து பேசப்போகிறார்களாம். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்களிடம் வரும், இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வாத்தியக் கோஷ்டியோடு வரவேற்பு.

எங்கள் நாட்டில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் பெயின்ட் வரும். திங்கட்கிழமையே பட்டாளத்திலிருந்து இருபது பையன்களும் டிரம் டிரம்மாகப் பெயின்ட்டும் வந்தன. வேலி பச்சை, பெஞ்சு நீலம், மரத்தடிக்கு வெள்ளை. ஸ்டேஷன் துணை அதிகாரி முன்னால் நடந்து, கண்ணில் படுகிறதற்கும் படாததற்கும் அடிக்கச் சொன்னார். பையன்கள் அவர் சொன்னபடியே செய்தார்கள். ஷெட்டில் வரிசையாக நின்ற ஒடுக்கச் சக்கரத் தொகுதிகளைக்கூட விடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஒரு பையன் நடுக் குழிக்குள் தூரிகையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான், கூழ் கிண்டுகிற மாதிரி. சிவப்புப் பெயின்ட், மூன்று பூச்சு.

துணை அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், குழியில் கிரீஸ்தான் இருக்க வேண்டும், பெயின்ட் கூடாது என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் சிறப்பு ரயிலில் வேலை செய்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உனக்கென்ன என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை லுகின் வந்தார். எங்கள் ரகசியப் பிரிவு அதிகாரி அவர். நல்ல உயரம், கோட்டுப் பொத்தான் கழுத்துவரை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பட்டியலை அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனார், இவர் அலமாரியோடு வாங்கிக்கொண்டார். என்னையும் ஒசிப் அண்ணனையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் கொடுத்தார். பதினோராவது பாதைக்கு அப்பால் கிடக்கும் கற்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், ரயில் போகும்வரை இந்தப் பக்கம் வரக்கூடாது.

"தோழர் லுகின்," என்றேன், "இன்னும் மூணு வாரந்தான். ஒரு தடவை விடுங்களேன். ஓரமா நின்னு வடத்தையாவது புடிச்சுக்கிறேன்."

அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். தாள் மஞ்சளாகியிருந்தது. "இத நீக்கச் சொல்லி நான் நாலு தடவை மேல எழுதிட்டேன்மா. பதில் வரல. பதில் வராத வரைக்கும் உங்க பேர் இதுல இருக்கு."

நாங்கள் போய்க் கல்லுக்கு வெள்ளை அடித்தோம். காற்று சுண்ணாம்பை எங்கள் முகத்துக்கே திருப்பி அடித்தது. பன்னிரண்டு பத்துக்கு ரயில் வந்தது. ஆறு பெட்டி. கடைசிப் பெட்டியைப் பார்த்ததும் என் கையிலிருந்த தூரிகை வாளிக்குள் விழுந்தது. பழைய பெட்டி, சிநேக காலத்தில் கட்டினது, பட்டியலுக்கு முன்னால் நான் பல தடவை இறக்கினது. ஜன்னல் மேல் வளைவை வைத்தே அடையாளம் தெரியும். அதன் ஆணி மற்றதைவிடத் தடி. சாதாரண ஆணிக்குக் குழியில் கொஞ்சம் இடம் மிஞ்சும், இதற்கு மயிரிழைதான் மிஞ்சும். அதிலே மூன்று பூச்சுப் பெயின்ட்.

"அண்ணே," என்றேன், "அது எறங்காது."

"தெரியும்," என்றார் ஒசிப் அண்ணன். "நீ கல்லுக்கு அடி."

ஒன்றிலிருந்து ஐந்துவரை பெட்டிகள் முனகிக்கொண்டே உட்கார்ந்தன. ஆறாவது இறங்கியது, பாதியில் நின்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே கண்ணாடித் தம்ளர்கள் சரிகிற சத்தம் பதினோரு பாதை தாண்டி எங்களுக்குக் கேட்டது. மறுபடி தூக்கினார்கள். சக்கரத் தொகுதியை மாற்றி வேறொன்று விட்டார்கள். அதுவும் சிவப்பு. மறுபடி சாய்ந்தது. மணி ஒன்று ஆகப்போகிறது. ஷிஃப்ட் மேஸ்திரி மகார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பது தெரிந்தது. மகார் என்னோடு பதினெட்டு வருஷம் எதிர் ஜாக்கியில் நின்றவன். இந்தப் பழைய பெட்டியை அவன் தொட்டதே இல்லை. அவன் வேலைக்கு வந்தபோது இவை போக்குவரத்தில் இல்லை.

அப்புறம் ஒருவன் பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடித்து இறக்கப்போகிறார்கள் என்று புரிந்தது. அடித்தால் இறங்கும். ஆனால் சிக்கிக்கொள்ளும். வளைவில் பெட்டி திரும்பாது, சக்கரம் தடம் புரளும். அதுவும் நான் பிறந்த ஊருக்குள் நுழைகிற வளைவில்.

நான் ஓடினேன். பட்டியல், ஓய்வூதியம், லுகின் எதுவும் நினைவில் இல்லை. பதினோரு பாதை, இருபத்திரண்டு தண்டவாளம். பின்னால் ஒசிப் அண்ணன் திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய் டப்பாவோடு ஓடி வந்தார். அதை எங்கே வைத்திருந்தார், எப்போது எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. லுகின் அப்போது பிளாட்பாரக் கோடியில் டெலிபோனில் அந்தப் பக்கத்துக்குத் தாமதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சம்மட்டியக் கீழ போடு," என்றேன். மகார் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது. என்னைப் பெட்டியின் பக்கத்தில் விட்டால் அவன் வேலையும் போகலாம். பிறகு மேலே தொங்குகிற பெட்டியைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"இருவது நிமிசம். தூக்கு."

ஜாக்கிகள் நாலும் ஒன்றாக உறுமின. ஐம்பது டன் மேலே போனது. நான் சக்கரத் தொகுதி மேல் குப்புறப் படுத்து, தலையைக் குழிக்கு நேரே நீட்டினேன். என் பிடரிக்கு மேல் ஒரு முழம் தள்ளி அந்தத் தடி ஆணி தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. குழியின் அடியில் ஒரு படி உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டால் ஆணி இறங்காது, இரும்பைச் சுரண்டிவிட்டால் ஆணி ஆடும். கந்தையை மண்ணெண்ணெயில் நனைத்து உள்ளே திணித்து ஊறவிட்டேன். ஒசிப் அண்ணன் தன் காலணி தைக்கிற கத்தியை என் கையில் வைத்தார். சுரண்டினேன். சிவப்புப் பெயின்ட் ஆப்பிள் தோல் மாதிரி சுருள் சுருளாக வந்தது. மூக்கெல்லாம் மண்ணெண்ணெய். என் நெஞ்சு அடிக்கிறது சக்கரத் தொகுதியின் இரும்பில் கேட்டது. பயத்தில் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

மேலே ஜன்னல் திறந்து ஒருவர் தலையை நீட்டினார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் வரைபடக் குழல். என்னதான் பிரச்சினை, சீனர்கள் ஏதாவது செய்துவிட்டார்களா என்று கவலையோடு கேட்டார்.

"அவங்க ஒண்ணும் பண்ணலைங்க," என்றார் ஒசிப் அண்ணன். "நம்மளே உங்கள வரவேற்க ஏற்பாடு பண்ணோம், அதுதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விரலால் படியை ஒரு சுற்றுத் தடவினேன். வழுவழுப்பு போய் இரும்பின் சில்லிப்பு வந்தது. கிரீஸை அள்ளிப் பூசிவிட்டு உருண்டு இறங்கினேன். பின் பக்கக் குழிக்கும் அதே மாதிரி. இந்தத் தடவை மகாரும் படுத்தான், நான் அவன் விரலைப் பிடித்துப் படி எங்கே என்று காட்டினேன். ஒன்று முப்பத்தொன்றுக்கு "எறக்கு" என்றேன்.

பெட்டி இறங்கியது. ஆணி குழியின் வாயைத் தொட்டது. ஒரு கணம் நின்றது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, நீளமாக, பசு பெருமூச்சு விடுகிற மாதிரி. இரண்டு குழியிலும்.

மகார் என்னைத் தூக்கிச் சுற்றினான். உடம்பெல்லாம் கிரீஸ் அவனுக்கு. அதற்குள் சீன எஞ்சின் பின்னோக்கி வந்து பெட்டிகளைக் கோர்த்துக்கொண்டது. கரி எஞ்சின், பெரிய சிவப்புச் சக்கரங்கள். எஞ்சின் டிரைவர் கையை நீட்டி வேலைத் தாளைக் கேட்டார்.

வேலைத் தாளை நான் மறந்தே போயிருந்தேன். பழைய பெட்டி என்றால் ஆணியை இறக்கியவர் கையெழுத்து வேண்டும். திரும்பி வரும்போது அதே ஆள்தான் நின்று ஆணியைத் தூக்க வேண்டும். சிநேக காலத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து போட்ட விதி, யாரும் நீக்கவில்லை. மகார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் தன் பேரை எழுதிவிட்டால் எனக்கும் ஆபத்தில்லை, அவனுக்கும் இல்லை. நான் அங்கே வரவே இல்லை என்று ஆகிவிடும்.

"நீ போடுறியாக்கா?" என்றான். பேனாவை என் பக்கம் நீட்டினான்.

நான் வாங்கிப் போட்டேன். முப்பது தாண்டி எழுத்துக் கற்றவள் நான், என் பேர் கட்டத்துக்குள் அடங்காது. கிளாஃபிரா என்று கட்டத்தையும் தாண்டிப் பக்கத்துக் கட்டம்வரை எழுதினேன். அழுத்தி எழுதினேன், அடியில் கார்பன் தாள் இருந்ததால். மேல் தாள் எங்களுக்கு, கார்பன் பிரதி அவர்களுக்கு. மகார் பிரதியைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தான்.

"ஒக்காருங்க," என்றான் பிறகு எல்லோரையும் பார்த்து.

பயணம் கிளம்பும் முன் நாங்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்காருவோம். யாரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் பயணத்துக்கு ஆகாது. எவ்வளவு அவசரமானாலும் இதை விட்டதில்லை, எந்தப் பெரிய அதிகாரியும் விட்டதில்லை. நாங்கள் தண்டவாளத்திலும் மரக்கட்டையிலும் உட்கார்ந்தோம். ஜன்னலுக்குள்ளே வரைபடக்காரரும் உட்கார்வது தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் லுகின் வந்தார். வேகமாக வந்தார். என்னைப் பார்த்தார், மகார் மடியிலிருந்த தாளைப் பார்த்தார், குனிந்து எடுத்தார். என் பேரைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்காது. வாயைத் திறந்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். வாயை மூடிக்கொண்டார். நின்றபடி இருக்கவும் முடியவில்லை அவரால். பக்கத்தில் காலியாக இருந்தது பட்டாளத்துப் பையன்கள் காலையில் கடைசிப் பூச்சு அடித்த நீல பெஞ்சு ஒன்றுதான். அதில் உட்கார்ந்தார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எண்ணினேன். புல்வெளியில் காற்று போகிற சத்தம், எஞ்சின் நீராவி, ஒசிப் அண்ணன் சிரிப்பை அடக்குகிற மூக்குச் சத்தம். லுகின் தாளை மடியில் வைத்து என் பேர்மேல் கட்டை விரலை வைத்திருந்தார். அவர் கையைத் தூக்கினால் போதும், கொடிக்காரன் சிவப்பைக் காட்டுவான், பிரதியை டிரைவரிடமிருந்து திரும்ப வாங்கி வேறு தாள் போடலாம். அவர் முகம் வேர்த்திருந்தது. ஸ்டேஷன் கடிகாரம் ஒன்று நாற்பத்திரண்டு காட்டியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் ஊதியது. ஆறு பெட்டியும் என் முன்னால் நகர்ந்தன. கடைசிப் பெட்டி வளைவில் ஒரு சின்னத் தயக்கமும் இல்லாமல் திரும்பியது, வேலிக்கு அந்தப் பக்கம் போனது. என் பேர் அதில் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையாக அங்கிருந்து வந்தவளின் பேர், பெரிய எழுத்தில், கார்பன் நீலத்தில்.

லுகின் எழுந்தார். பின்பக்கம் முழுக்க நீலக் கோடுகள். யாரும் சொல்லவில்லை.

"இப்ப உங்கள நான் என்னம்மா செய்யிறது?" என்றார்.

"விதிப்படி செய்யுங்க," என்றேன். "ஆறு நாள்ல அந்தப் பொட்டி திரும்பி வருது. ஆணிய எறக்குனவதான் தூக்கணும்."

அவர் தாளை மறுபடி பார்த்தார், அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த விதியையும் பார்த்தார். பட்டியல் ஒரு விதி, இது ஒரு விதி. மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். ஆறு நாளைக்குள் பதில் வந்துவிடுமா என்று ஒசிப் அண்ணன் மிகவும் பணிவாகக் கேட்டார். லுகின் திரும்பி நடந்தார், நீலக் கோடுகளோடு, ஸ்டேஷன் முழுக்கத் தாண்டி.

பதில் வரவில்லை. புதன்கிழமை ரயில் வந்தது. டிரைவர் என்னிடம் நீட்டிய கார்பன் பிரதியில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சீன முத்திரை இருந்தது. நான் ஜாக்கிக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினேன்.

"தூக்கு," என்றேன்.